ஸ்கொட்லாந்திலிருந்து வந்த பேணி

மருமகனின் தாய் அனுப்பிய தகரப் பேணியைத் திறந்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். உள்ளே இருந்தது மில்க் ரொபி. எங்களுடைய மில்க் ரொபி. ரின்னில் வருகிற கட்டிப்பாலையும் சீனியையும் பட்டரையும் ஒரு சட்டியில் போட்டு, கை ஓயும்வரை கிண்டி, இறுகுகிற நேரம் பார்த்துத் தட்டில் கொட்டி, ஆறுவதற்குள் வெட்டி எடுக்கிற அதே சாமான். யாழ்ப்பாணத்தில் பிறந்தநாள் என்றாலும் அதுதான், சோதனை பாஸ் பண்ணினாலும் அதுதான். என் மனைவிக்குக் கைவந்த ஒரே இனிப்பும் அதுதான். அவள் செத்த பிறகு எங்கள் லண்டன் குட்மேய்ஸ் வீட்டில் அந்த வாசனை வந்ததில்லை. இப்போது எங்கேயோ ஸ்கொட்லாந்தில், கடற்கரையோரத்துச் சிற்றூர் ஒன்றில் தனியாக இருக்கிற ஒரு வெள்ளைக்கார மனுஷி அதைச் செய்து அனுப்பியிருக்கிறார். இது என்ன நியாயம்?

அன்றைக்கு வால்தம்ஸ்டோவில் உள்ள தன் வீட்டிலிருந்து அந்தப் பேணியைக் கொண்டுவந்த மகளை விசாரித்தேன்.

"பிள்ளை, நீயோ இவவுக்குச் செய்முறை சொல்லிக் குடுத்தனி?"

"இல்லையப்பா. இது அவையின்ர சாப்பாடு. டேப்லட் எண்டு சொல்லுவினம். அங்க எல்லா வீட்டிலயும் செய்யிறவை."

"டேப்லட் எண்டால் குளிசையெல்லோ?"

மகள் முறைத்தாள். நான் ஒரு துண்டை வாயில் போட்டேன். கஜு என்கிற முந்திரிப்பருப்பு இல்லை, ஏலக்காய் இல்லை. மற்றபடி வேறுபாடு சொல்லச் சொன்னால் நான் தோற்றுத்தான் போவேன். பல்லில் பட்டதும் மணல்போல உதிர்ந்து, பிறகு கரைந்து போகிற அந்தப் பதம்கூட அதேதான். அந்தக் காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்கள் கொண்டுவந்து தந்ததா, எங்களிடமிருந்து கொண்டுபோனதா? எனக்கு அது இன்றுவரை பிடிபடவில்லை. யோசித்துக்கொண்டே பாதிப் பேணியை முடித்தேன். எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது என்பதை மகள் ஞாபகப்படுத்தியபோது மிச்சப் பாதியும் முடிகிற நிலையில் இருந்தது.

மகள் அப்போது பிள்ளைத்தாச்சி. முதற்பிள்ளை. எங்கள் ஆட்களுக்குள் முதற்பிள்ளைப்பேறு என்பது பெண்ணுடைய தாயின் வேலை. மருந்துச் சரக்கு அரைப்பதும், பத்தியக்கறி வைப்பதும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் அவளோடு போகிற காரியங்கள். அந்தத் தாய்தான் இல்லை. நான் லண்டனில் பஸ் ஓட்டுகிறவன். ஓரளவு கறி வைப்பேன். ஆனால் மகளிடம் ஒரு தாய் கேட்கிற கேள்விகளை எனக்குக் கேட்கத் தெரியாது. கேட்டாலும் அவள் சொல்லமாட்டாள். அதனால்தான், பிரசவத்துக்கு முன்னமே வந்து நின்று பிறகும் சில கிழமை தங்குவதாக மருமகனின் தாய் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. மகள் சின்ன அறையை ஒதுக்கி, புதுப் படுக்கைவிரிப்பு வாங்கி வைத்தாள். கடையில் அந்த விரிப்பின் பூவைத் தெரிவு செய்ய அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில், அவர் வருவதை எவ்வளவு எதிர்பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கியது. அந்த மனுஷி வந்தால் போதும். கடவுளிடம் அந்த நாட்களில் நான் வேறொன்றும் கேட்கவில்லை.

பேணி வெறுமையானது. வெறும் பேணியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கோப்பை பாயசம் வந்தால், கோப்பையைக் கழுவி ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் என் மனைவி திருப்பி அனுப்புவாள். ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு வாழைப்பழம். சம்பந்தி வீட்டுப் பாத்திரம் என்றால் கேட்கவா வேண்டும்? எனக்குச் செய்யத் தெரிந்த இனிப்பு, அதாவது என் மனைவி செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்த இனிப்பு, மில்க் ரொபி மட்டும்தான். அவருக்கும் அது பிடிக்கும் என்பதற்கு அந்தப் பேணியைவிட வேறு சாட்சி வேண்டுமா?

செய்தேன். தாய்க்குக் கஜு, பாதாம் மாதிரியான பருப்பு வகை ஒத்துக்கொள்ளாது என்று மருமகன் ஒருமுறை சொல்லியிருந்ததால் கஜுவை விட்டேன். ஏலக்காயை மட்டும் பொடித்துப் போட்டேன். மனைவி சாய்சதுரமாக வெட்டுவாள். பேணி சதுரமாக இருந்தபடியால், இடம் வீணாகாமல் நான் சதுரமாகவே வெட்டினேன். பேணிக்குள் விரித்திருந்த எண்ணெய்க்கடதாசி கிழியாமல் நல்லதாக இருந்தது. அதைத் துடைத்து அதையே விரித்து அடுக்கினேன். ஆங்கிலப் புது வருஷத்துக்குத் தாயின் ஊருக்குப் போன மருமகனிடம் கொடுத்துவிட்டேன். சாப்பாட்டோடு துண்டுக்கடதாசி எழுதி வைக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. பேணியைச் சரிக்காமல் கொண்டு போகச் சொன்னதோடு சரி. அவ்வளவு பெருமை எனக்கு.

தை மாதம் முடிகிற நேரம் மகள் தொலைபேசியில் சொன்னாள்.

"மாமி வரேல்லையாம் அப்பா."

"ஏன் பிள்ளை? சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறா. பிள்ளை பிறந்து எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தாப் பிறகு வாறன் எண்டு சொன்னவவாம். இப்ப வந்தால் எங்களுக்கு இடைஞ்சலாம்."

"இடைஞ்சல் எண்டு ஆர் சொன்னது?"

"எனக்குத் தெரியேல்லை அப்பா. விடுங்கோ."

விடுங்கோ என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மருமகனைக் கேட்டால், "அம்மா சிலநேரம் அப்படித்தான்" என்று ஆங்கிலத்தில் இழுத்தான். நல்ல பிள்ளை. ஆனால் வாயிலிருந்து ஒரு விஷயத்தை எடுக்க வேண்டுமென்றால் குறடு வேண்டும்.

எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. ரயில் டிக்கெட் விலையாக இருக்குமோ? மகள் ஏதும் துடுக்காகப் பேசிவிட்டாளோ? கறி வாசனை பிடிக்காதோ? கல்யாணத்தன்று நன்றாகத்தானே சாப்பிட்டார், ரசத்தைக்கூடக் குடித்தாரே! புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஏதும் பிரச்சினையோ? பஸ் ஓட்டும்போதும் இதே யோசனை. ஒருநாள் ஒரு தரிப்பில் நிற்காமலே போய்விட்டேன். பின்னாலிருந்து மணியை அடித்துக் கத்தினார்கள்.

டிப்போவில் மன்னார்க்காரத் தம்பி ஒருவன் இருக்கிறான். என் முகத்தைப் பார்த்து விஷயத்தை எடுத்துவிட்டான். "அண்ணை, நீங்கள் ஏன் மண்டையைப் போட்டுக் குழப்புறியள்? அவையின்ர இனிப்பு ரெண்டு மூண்டைப் பழகிச் செய்து குடுங்கோ. மனுசி தானா வரும்" என்றான். வேறு வழி ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அலைபேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்து, ஸ்கொட்லாந்து இனிப்புகளைச் செய்து பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் கிரானக்கன். ஓட்ஸை வறுத்து, அடித்த கிரீமுக்குள் தேனோடும் விஸ்கியோடும் கலந்து, இடையிடையே ராஸ்பெரிப் பழங்களைப் போட்டுக் கண்ணாடிக் கோப்பையில் அடுக்குவது. இதைவிட லேசான இனிப்பு உலகத்திலேயே இல்லை என்று வீடியோவில் ஒரு பெண் சிரித்தாள். உப்புமாவுக்கு ரவை வறுக்கிற பழக்கத்தில் நான் ஓட்ஸை வாசம் வர வறுத்து, சூட்டோடு சூடாகக் கிரீமுக்குள் கொட்டினேன். கிரீம் தண்ணீராகிப் போனது. ஆறவிட வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாளா, சொல்லவில்லையா? இரண்டாம் முறை பார்த்தபோது சொன்னாள். முதல் முறை சொல்லவில்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன். பிறகு விஸ்கிப் பிரச்சினை. பிள்ளைத்தாச்சிக்கு விஸ்கி கொடுக்கலாமா? விஸ்கி இல்லாமல் செய்து மகளுக்கும் மருமகனுக்கும் கொடுத்தேன். மருமகன் மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டு, "விஸ்கி இல்லையென்றால் இது காலைச் சாப்பாடு, மாமா" என்றான்.

அடுத்தது துணியில் கட்டி அவிக்கிற பெரிய உருண்டை, குளூட்டி டம்ப்ளிங். மா, முந்திரிகை வற்றல் என்கிற உலர்ந்த திராட்சை, கறுவாப்பொடி, கறுத்தப் பாகு எல்லாவற்றையும் பிசைந்து, ஈரத்துணியில் முடிந்து, கொதிதண்ணீருக்குள் சில மணித்தியாலம் கிடக்க விடுவது. அதற்கு மாட்டுக் கொழுப்புப் போடச் சொல்லியிருந்தது. என் மனைவியின் குசினிக்குள், சாமிப்படத்துக்கு நேரே, மாட்டுக் கொழுப்பா? பட்டரைப் போட்டேன். துணிக்கு, இன்னும் உடுக்காத ஒரு வேட்டியில் துண்டு வெட்டினேன். துணியைச் சுடுதண்ணீரில் பிழிந்து அதன்மேல் மா தூவ வேண்டும் என்றார்கள். ஏன் என்று விளங்காவிட்டாலும் தூவினேன். முழு மத்தியானமும் வீட்டு ஜன்னலெல்லாம் ஆவி பிடித்து, பாதை தெரியாமல் போனது.

அவிழ்த்துப் பார்த்தால், உருண்டையைச் சுற்றி மண்ணிறத்தில், ஈரத் தோல்போல ஒரு போர்வை. தொட்டால் வழுக்கியது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. இலையில் அவித்த பலகாரத்துக்கு இலையை உரிப்பது மாதிரி இதையும் உரிக்க வேண்டும், அவ்வளவுதானே? கத்தியால் சுற்றிவரச் சுரண்டி எடுத்துக் குப்பைவாளியில் போட்டேன். உள்ளே கேக் மாதிரி அழகாக வந்திருந்தது. மருமகன் இதைப் படம் எடுத்துத் தாய்க்கு அனுப்புவான், தாய் மனம் இளகுவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு மேசையில் வைத்தேன்.

மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் உருண்டையைச் சுற்றிப் பார்த்தான். "தோல் எங்கே?" என்றான்.

"எந்தத் தோல்?"

நேரே போய்க் குப்பைவாளியைத் திறந்தான். செத்தவீட்டில் நிற்கிறவன்போல அதற்குள் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தத் தோலுக்காகத்தான் துணியில் மா தூவுவதாம். தோல் இல்லாவிட்டால் அது அந்தச் சாப்பாடே இல்லையாம். சின்ன வயதில் தமையனும் தானும் தோலுக்கு அடிபடுவார்களாம். தாய் தன்னுடைய பங்குத் தோலையும் இரண்டாகப் பிய்த்து இருவருக்கும் கொடுத்துவிடுவாராம். இத்தனை நாளும் தாயைப் பற்றி இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

"அடுத்த முறை தோலோடு செய்து அம்மாவுக்கு அனுப்புறன்" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவன் மகளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "வேண்டாம் மாமா. அந்த டேப்லட் விஷயத்துக்குப் பிறகு இப்போது ஒன்றும் அனுப்பாமல் இருப்பது நல்லது."

"என்ன டேப்லட் விஷயம்?"

"நீங்கள் திருப்பி அனுப்பினீர்களே. ஒரு துண்டுகூட எடுக்காமல்."

எனக்கு அவன் என்ன பேசுகிறான் என்றே விளங்கவில்லை. ஒரு துண்டுகூட எடுக்காமலா? என் இரத்தத்தைச் சோதித்த டாக்டரைக் கேட்டால் தெரியும் எத்தனை துண்டு எடுத்தேன் என்று! மகளுக்குத்தான் முதலில் பிடிபட்டது. கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பா, அந்தப் பேணிக்குள்ள நீங்கள் என்ன வைச்சனியள்?"

"மில்க் ரொபி. வெறும் பேணியை ஆராவது திருப்பிக் குடுப்பினமே?"

"கஜு போட்டனியளோ?"

"அவவுக்கு ஒத்துக்கொள்ளாது எண்டு போடேல்லை."

"கடவுளே!" என்று அவள் திரும்ப உட்கார்ந்தாள்.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. மருமகன் ஊருக்குப் போய், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல், "உங்களுடைய பேணியைத் திருப்பித் தந்துவிட்டிருக்கிறார்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். தாய் திறந்திருக்கிறார். தன்னுடைய பேணி, தன்னுடைய கடதாசி, தான் வெட்டுகிற மாதிரியே கஜு இல்லாத சதுரத் துண்டுகள், விளிம்புவரை நிறைய. மூடிவிட்டார். அவர்கள் சாப்பிடவே இல்லையே என்று மகனிடம் ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கிறார். அவனும் என் சீனி வருத்தமாக இருக்கும், எங்கள் சமயக் கட்டுப்பாடாக இருக்கும் என்று தனக்குள் ஏதோ நினைத்து, மகளுடைய மனம் நோகக்கூடாது என்று மூச்சு விடாமல் இருந்திருக்கிறான்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "வாய் எண்டு ஒண்டு இருக்கெல்லோ? கேக்கிறதுக்கு என்ன?" என்று தமிழிலேயே கத்தினேன். அவனுக்குச் சொல் விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியது. தொலைபேசியை எடுத்துத் தாயின் எண்ணை அழுத்தி என் கையில் தந்தான்.

கல்யாணத்தில் நாங்கள் இருவரும் சிரித்துத் தலையாட்டியதோடு சரி. இப்போதுதான் முதல் பேச்சு. அவருடைய ஆங்கிலம் எனக்கு விளங்கவில்லை. என்னுடையது அவருக்கு விளங்கவில்லை. லண்டன் பஸ்ஸுக்குள் உலகத்து ஆங்கிலம் எல்லாம் கேட்டவன் நான். இது வேறு. மருமகன் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தான். உங்கள் டேப்லட்டை நான்தான் முழுவதும் சாப்பிட்டேன் என்றேன். எங்களில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்றேன். அந்தப் பேணிக்குள் இருப்பது நான் கிண்டியது, என் மனைவி செய்கிற இனிப்பு என்றேன்.

மறுபக்கத்தில் அலுமாரிக் கதவு திறபடுகிற சத்தம், தகரம் உரசுகிற சத்தம். கடிக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

"இதற்குள் ஏதோ போட்டிருக்கிறீர்கள்" என்றார்.

"ஏலக்காய்."

"நல்லாயிருக்கிறது."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை மருமகன் என் மகளைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தான். "உங்கள் மகள் தாயை இழந்த பிள்ளை. அந்தத் தாயின் இடத்தில் போய் நான் உட்காரப் பார்க்கிறேனோ என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். பேணி நிறையத் திரும்பி வந்தபோது, அதுதான் அவளுடைய பதில் என்று நினைத்தேன். அவள் மரியாதையான பிள்ளை, வாயால் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன்."

"வாங்கோ" என்றேன். தமிழில்தான் வந்தது. அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

பிரசவத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவர் வந்து இறங்கினார். எனக்குக் காலை ஷிப்ட். அடுத்த நாள்தான் வால்தம்ஸ்டோவுக்குப் போக முடிந்தது. மீன்குழம்பும் புட்டும் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்த மருமகன் வாயில் விரல் வைத்தான். உள்ளேயிருந்து மகள் அழுகிற சத்தம் கேட்டது. பிரசவ நோ தொடங்கிவிட்டது என்று நினைத்து அவனைத் தள்ளிக்கொண்டு போனேன்.

சோபாவில் அந்த மனுஷி இருந்தார். மகள் அந்தப் பெரிய வயிற்றோடு ஒருக்களித்துப் படுத்து, அவருடைய மடியில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். அம்மா, அம்மா என்று, சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு. அவர் தலைமயிரைக் கோதிக்கொண்டு மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்தது?" என்று மருமகனைக் கேட்டேன்.

"ஒன்றும் நடக்கவில்லை மாமா. 'உன்னுடைய அம்மா எப்படிப்பட்டவர்' என்று என்னுடைய அம்மா இவளிடம் கேட்டார். அவ்வளவுதான்."

தாயின் செத்தவீட்டில்கூட என் மகள் இப்படி அழுததில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள், ஐயருக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தாள், எல்லோரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். கெட்டிக்காரி, தாங்கிக்கொள்கிறாள் என்று சனம் சொன்னது. நானும் நம்பினேன். இப்போது இந்த மடியைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. என் பிள்ளை ஏன் என்னிடம் அழவில்லை? அதே நேரம் அந்த மனுஷியின் காலில் விழலாம் போலவும் இருந்தது. சந்தோஷமா, துக்கமா, கோபமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றேன்.

மகள் தலையைத் திருப்பி என்னைக் கண்டாள். கண்ட உடனே எழும்பப் பார்த்தாள். கையால் முகத்தைத் துடைத்தாள். சிரிப்பை எடுத்து முகத்தில் வைத்தாள்.

"அப்பா, சாப்பிட்டியளோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்தச் சிரிப்பு யாருக்காக என்று.

அந்த மனுஷி அவளுடைய தலையைத் திரும்பவும் தன் மடியில் சாய்த்தார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் போய்த் தேத்தண்ணீர் போடுங்கள் என்று கையால் காட்டினார். நான் குசினிக்குள் போனேன். கேத்தலை எடுத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். மனைவி போன பிறகு முதல் தடவையாக, மகள் பார்த்துவிடுவாளே என்ற பயம் இல்லாமல், நானும் அழுதேன்.